பதினெட்டு அடித் தண்ணீர்

என் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஓர் எனாமல் தட்டு எப்போதும் கிடக்கும். வெள்ளைத் தட்டு, நீல விளிம்பு, ஒரு பக்கம் அடிபட்டுக் கறுத்துப்போன பொட்டு. சாவி, மாத்திரை அட்டை, மூக்குக் கண்ணாடி எல்லாம் அதில்தான் போடுவேன். அது எங்கள் வீட்டுத் தட்டு இல்லை. நாற்பது வருடத்துக்கும் மேலாகத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருக்கும் தட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன்பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பிய என் தங்கை மகன், கையிலிருந்த கருவியை அந்தத் தட்டில் டொக்கென்று வைத்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. மீன்பிடிக்கிறவர்களுக்கென்றே விற்கிற ஜிபிஎஸ் கருவியாம். ஏரியின் எந்த மூலையில் நிற்கிறோம், காலடியில் எத்தனை அடி ஆழம் என்று காட்டுமாம்.

"சும்மா ஏமாத்துறானுங்க மாமா," என்று அவன் பொருமினான். "மேப்புல பத்தொன்பது அடின்னு காட்டுது. தூண்டில் லைன் முப்பது அடிக்கு மேல போகுது. ஏரி முழுக்க இதே கதைதான். நம்பி இறங்கினா தூண்டில்முள்ளுதான் போகுது, மீன் வரல." மலாக்காவில், ஆயர் குரோவுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் பழைய நீர்த்தேக்கத்துக்குத்தான் அவன் போய்வந்திருந்தான். ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிறவன். எதையும் கழற்றிப் பார்த்துத்தான் நம்புவான். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தேன். ஏரி நீலத்தில் தெரிந்தது. ஆழம் கூடக்கூட நீலமும் கறுத்துக்கொண்டே போனது. வடமேற்கில் விரல்போல் உள்ளே நீண்டிருந்த ஒரு குடாவில் ஐந்து எண்கள் வரிசையாக நின்றன. பதினாறு, பதினேழு, பதினெட்டு, பதினேழு, பதினாறு. அந்த எண்களையே நான் திரும்பத் திரும்ப முணுமுணுத்ததைப் பார்த்து அவன் சர்க்கரை ஏறிவிட்டதோ என்று பயந்துபோனான். சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த ஐந்து எண்களையும் போட்டவன் நான். மலாயா சுதந்திரம் வாங்கிய மெர்டேக்கா வருடத்தில், காஜா பேராங்கில் வாடகைக்கு இருந்துகொண்டு, இருபத்திரண்டு வயதில், கறுப்பு மையால் போட்டேன். ஒன்றைக்கூட அளக்காமல் போட்டேன்.

அந்த ஏரியை அளந்தவர் வேறொருவர். நாங்கள் வேலை பார்த்த சர்க்கார் தண்ணீர் இலாகா அலுவலகத்தில் தமிழர்கள் எல்லோரும் அவரைச் சிட்டி அண்ணன் என்போம். காஜா பேராங்கில் கோயில்களைச் சுற்றி வாழும் மலாக்காச் சிட்டிக் குடும்பத்துக்காரர், பல நூறு வருடத்துக்கு முன் வந்து இங்கேயே கலந்துவிட்ட தமிழ் வணிகர்களின் வழி. நெற்றியில் திருநீறு இருக்கும். வாயைத் திறந்தால் மலாய்தான் வரும். அதுவும் கடைத்தெரு மலாய் இல்லை, அவர்கள் வீட்டு மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது பத்து இருபது சொல், அதில் ஒன்று 'தம்பி'. தோட்டத்து லயத்தில் பிறந்து, தமிழ்ப் பள்ளியும் பிறகு டவுன் பள்ளியும் படித்து வந்த எனக்கு முதலில் அது வேடிக்கையாக இருந்தது. எங்களைவிட ஒழுங்காகச் சாமி கும்பிடுகிறார், ஒரு வாக்கியம் தமிழ் வரவில்லையே என்று மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் மத்தியானச் சாப்பாட்டை இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். அவர் கொண்டுவரும் சம்பாலுக்கு நான் அடிமை. நான் கொண்டுபோகும் நெத்திலிக் குழம்பை அவர் விடமாட்டார்.

அவருடைய வேலை ஆழம் பார்ப்பது. ஒரு சம்பான் படகு, துடுப்பு போட ஓர் ஆள், நுனியில் ஈயக்குண்டு கட்டிய கயிறு. அவ்வளவுதான் கருவி. கயிற்றில் ஐந்து அடிக்கு ஒரு துணி கட்டியிருக்கும். மனைவியின் பழைய சாரோங்கைக் கிழித்துக் கட்டியது. எந்தப் பூப்போட்ட துணி எத்தனை அடி என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். கயிற்றை முதல் நாளே தண்ணீரில் ஊறப்போட்டு, அலுவலகத்துக்குப் பின்னால் இரண்டு அங்சானா மரங்களுக்கு நடுவே இழுத்துக் கட்டி, மறுபடி அடிக்கோல் வைத்துச் சரிபார்ப்பார். காய்ந்த கயிறு நனைந்தால் சுருங்கும், அளவு பிசகும். ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் எதையாவது ஒட்டினால்தான் ஏரியின் அடிமண் அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும், குண்டு உண்மையிலேயே தரையைத் தொட்டதா என்று தெரியும். மற்ற இடங்களில் இதற்கு மாட்டுக்கொழுப்பு வைப்பார்களாம். அண்ணன் அதைத் தொடமாட்டார். துணி துவைக்கிற சவுக்காரத்தைப் பிசைந்து அடைப்பார். ஒரே இடத்தில் மூன்று முறை குண்டை இறக்குவார். மூன்றும் ஒத்துவந்தால்தான் குறிப்பேட்டில் எண் ஏறும். ஒத்துவராவிட்டால், பாசியோ மூழ்கிய மரமோ குறுக்கே நின்றால், 'தா தாவ்' என்று எழுதிவிடுவார். தெரியாது என்று அர்த்தம். அலுவலகக் குறிப்பேட்டில் தெரியாது என்று எழுதிவைத்த மனிதரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

நான் படம் வரைகிற பிரிவில் டிரேசர். அவர் கொண்டுவரும் எண்களை, கஞ்சி போட்டு மழமழப்பாக்கிய டிரேசிங் துணியில் மையால் பதிப்பது என் வேலை. வேகமானவன் என்று பெயர் எடுத்திருந்தேன். ஒரு இடத்தில் உட்காரவே மாட்டேன். அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். இந்த மனிதரோ ஓர் எண்ணுக்கு மூன்று முறை கயிறு விடுகிறவர். 'ஆமை வேகத்தில் அளந்தால் மெர்டேக்கா வந்து போய்விடும்' என்று கிண்டல் செய்வேன். "சபார், தம்பி," என்பார். பொறு என்று. பொறுக்கிறவனாக இருந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

மெர்டேக்காவுக்குச் சில வாரங்கள் இருந்தன. எங்கள் பிரிவின் வெள்ளைக்காரத் துரை கப்பலேறப் போகிறார், போவதற்குள் ஏரிப் படத்தில் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட வேண்டும் என்று நின்றார். ஏரி முழுக்க முடிந்து, வடமேற்குக் குடா ஒன்றுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அண்ணன் லீவில் போனார். திடீர் லீவு இல்லை, மாதக்கணக்கில் முன்பே கேட்டு வாங்கியது. சிட்டிகள் பழக்காலத்தில் முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள். 'பார்ச்சு' என்பார்கள். டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான், இறந்தவர்களுக்குப் பிடித்த பலகாரம் எல்லாம் இலையில் இருக்கும். அதற்காக வெளியூர்ச் சொந்தமெல்லாம் காஜா பேராங்கில் வந்து கூடும். அவர் போன மறுநாளே துரையின் கப்பல் முன்கூட்டிக் கிளம்புகிறது என்று செய்தி வந்தது. படம் வெள்ளிக்கிழமை மேசைக்கு வரவேண்டும் என்றார் துரை. கூடவே, "அன்றைக்கே உன் வேலை நிரந்தரக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றும் சொன்னார்.

நிரந்தரக் கடிதம் எனக்கு வெறும் கடிதம் இல்லை. என் தங்கைக்குப் புக்கிட் ரம்பாய் பக்கத்திலிருந்து ஒரு சம்பந்தம் வந்து பாதியில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா இல்லாத வீடு. பெண்ணின் அண்ணனுக்குச் சர்க்கார் வேலை உறுதியா, இல்லை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று மாப்பிள்ளை வீட்டார் இரண்டு முறை ஆள் விட்டுக் கேட்டுவிட்டார்கள். புது அரசாங்கம் வந்தால் யார் இருப்பார்கள், யார் போவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாத நேரம். காஜா பேராங் வாடகை வீட்டின் கூடத்தில் தங்கை வாசலையே பார்த்துக்கொண்டு வளைய வருவாள். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குடாவை வெற்றிடமாக விட்டுப் படத்தைக் கொடுத்திருக்கலாம். சிட்டி அண்ணனாக இருந்தால் 'தா தாவ்' என்று எழுதிக் கொடுத்திருப்பார். முடிக்காத படத்துக்குத் துரை கையெழுத்துப் போடுவாரா என்று கேட்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபின், குடாவின் வாயில் அண்ணன் அளந்திருந்த கடைசி எண்ணைப் பார்த்தேன். அது பதினைந்து. உள்ளே கொஞ்சம் ஆழம் கூடும், பிறகு குறையும் என்று நானே முடிவுகட்டினேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு, பதினேழு, பதினாறு. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. படத்தின் மூலையில், 'அளந்தவர்' என்ற இடத்தில் அண்ணன் பெயரையும், 'டிரேஸ் செய்தவர்' என்ற இடத்தில் என் பெயரையும் அழகாக எழுதினேன். என் கையெழுத்து அப்போது முத்துமுத்தாக இருக்கும்.

திங்கட்கிழமை அண்ணன் ஓர் எனாமல் தட்டோடு வந்தார். வாழை இலை மூடிய தட்டு, நிறையப் பலகாரம். எனக்கென்று எடுத்துவைத்ததாம். தட்டை மேசையில் வைத்தவர், சுவரில் காயப்போட்டிருந்த படத்தின் அச்சைப் பார்த்தார். ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. நேராகக் குடாவில் விரலை வைத்து, அந்த ஐந்து எண்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டார். வெளியே திடலில் பள்ளிப் பிள்ளைகள் மெர்டேக்கா அணிவகுப்புக்குப் பழகிக்கொண்டிருந்தார்கள். இடம், வலம் என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பி அவர்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "ஆயெர் தா பாண்டே பாரிஸ், தம்பி." தண்ணீருக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் எரிந்தது. துரை கப்பலேறியாயிற்று, கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. தங்கை கல்யாணத்தைச் சொன்னேன். இப்போது வெளியே வந்தால் என் வேலை போய்விடும், சம்பந்தம் முறிந்துவிடும் என்று கெஞ்சினேன்.  கடைசியில், கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேருமாகச் சம்பானை எடுத்துக்கொண்டு போய்க் குடாவை அளப்போம், எண்ணைச் சுரண்டித் திருத்துவோம், இதில் புது அதிகாரிக்குக்கூட ஒரு குறையும் தெரியாது என்றார். சத்தியம் என்றேன்.

மெர்டேக்கா வந்தது. தங்கை கல்யாணம் நடந்தது. அண்ணன் குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அதற்குப் பிறகு, எப்போது போகலாம் என்று அவர் கேட்டபோதெல்லாம் எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. மழை, மேலதிகாரி வருகை, சம்பானுக்குக் கீல் பூச வேண்டும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அந்தக் குடாப் பக்கம் போகவே எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் தனியாகப் போய் அளந்து வந்திருக்கலாம். போகவில்லை. எண்களைப் போட்டவனும் கூட வரவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். நாளாக ஆக அவர் கேட்பதும் குறைந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

மூன்று வருடம் போயிருக்கும். வறட்சி வந்தது. ஏரி இறங்க இறங்க, பழைய இடத்தில் நீர் இழுக்க முடியாமல் போயிற்று. படத்தைப் பார்த்து, நகருக்குப் பக்கமாகவும் ஆழமாகவும் இருக்கிற இடம் வடமேற்குக் குடாதான் என்று புது இன்ஜினியர் தீர்மானித்தார். அவர்மேல் பழி சொல்ல மாட்டேன். படத்தில் பதினெட்டு அடி என்று இருந்தால் யாரும் அப்படித்தான் தீர்மானிப்பார்கள். அவசர அவசரமாகக் குழாய் போட்டார்கள். குழாய் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்றாவது நான் ஓடியிருக்க வேண்டும். இன்று ஓடலாம், நாளை ஓடலாம் என்று மேசைக்கும் கதவுக்கும் நடுவே நடந்தேன், அவ்வளவுதான். ஏரி நிறைந்திருக்கும்போதே குடாவில் ஆறடிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. வறட்சியில் அங்கே முழங்கால் சேறு. பம்பு சேற்றைக் குடித்து நின்றது. நகரத்தில் குழாயைத் திறந்தால் காப்பித்தூள் கலந்த மாதிரி கொட்டியது. அதுவும் இரண்டு நாளில் நின்றது. காஜா பேராங்கில் பெண்கள் வாளியோடு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையில் வயிறு தள்ளி நின்றவர்களில் என் தங்கையும் ஒருத்தி, பிரசவத்துக்கு வந்திருந்தாள். அண்ணன் மனைவி தன் வீட்டுக் கிணற்றிலிருந்து அவளுக்கு இரண்டு வாளி தூக்கிக்கொண்டு வந்து வைத்தாள்.

விசாரணை எங்கள் அலுவலகத்திலேயே, நீள மேசையில் நடந்தது. அளந்த குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். ஸ்டோரில் அது கறையான் அரித்துப்போயிருந்தது. உள்ளே போவதற்கு முன் பெரிய கிராணி, எங்கள் தலைமைக் குமாஸ்தா, என்னைத் தனியே கூப்பிட்டார். "தம்பி, நீ டிரேஸ் பண்ணினவன்தானே? குடுத்த நம்பரை வரைஞ்சே. உனக்கு இதுல ஒண்ணும் வராது. வாயை மூடிக்கிட்டு இரு," என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்த அதிகாரி படத்தை விரித்து, இந்தக் குடாவை நீ அளந்தாயா என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் ஒரு மைக்கறை இருந்தது, அதன் உருவம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. கடைசியில் அவர் சொன்னார்: "நாம சாயா அடா சித்து." என் பெயர் அங்கே இருக்கிறது. அளந்தேன் என்றும் சொல்லவில்லை, அளக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அதுவே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. சம்பானையும் கயிற்றையும் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, புக்கிட் ரம்பாய் பக்கம் ஒரு பம்பு நிலையத்தில் வால்வு திறக்கிற வேலைக்கு அனுப்பினார்கள். குடா ஆறடிதான் என்ற திருத்தக் குறிப்பு கோப்பில் ஏறியது. படத்தில் ஏறவில்லை. படத்தில் ஏற்றியிருக்க வேண்டியவன் டிரேசர். அந்தத் துணியை மறுபடி கையில் எடுக்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த பழக்காலத்தில் தட்டு வராது என்றே நினைத்தேன். வந்தது. அண்ணன் மனைவி கெபாயாச் சட்டை உடுத்தி, வாழை இலை மூடிய தட்டைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனாள். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இதென்ன, என்னைக் குத்திக்காட்டவா? நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. "அவங்க பாசத்துல குடுக்கறாங்க, உங்களுக்கு ஏன் இப்படி எரியுது?" என்று மனைவி கேட்பாள். அவளுக்கும் நான் சொன்னதில்லை. வெறும் தட்டைத் திருப்பக் கூடாது என்று, கழுவித் துடைத்து, ஒரு கைப்பிடி சீனி வைத்து அவள்தான் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஒவ்வொரு வருடமும் இதே கதைதான். பழக்காலம் நெருங்கினால் எனக்கு உட்காரவும் முடியாது, நிற்கவும் முடியாது.

ஒரு முறை காஜா பேராங் பாசாரில், சந்தை நெரிசலில், நேருக்கு நேர் மாட்டிக்கொண்டோம். அவர் கையில் முருங்கைக்கீரை, என் கையில் மீன். ஒதுங்கிப் போக இடமில்லை. எனக்குள் இத்தனை வருடமாகக் கொதித்தது வாய் வழியாக வந்துவிட்டது. அன்றைக்கு ஏன் உண்மையைச் சொல்லவில்லை, யார் உங்களைத் தியாகம் செய்யச் சொன்னது என்று சண்டைக்காரன்போலக் கேட்டேன். அவர் ஆச்சரியப்பட்டதுபோல் பார்த்தார். பிறகு நிதானமாக, "குவா துங்கு லூ, தம்பி," என்றார். நான் உனக்காகக் காத்திருந்தேன். அவ்வளவுதான். அவர் ஒன்றும் தியாகம் செய்யவில்லை. நான் வாயைத் திறப்பேன் என்று அந்த மேசையில் காத்திருந்தார், நான் திறக்கவில்லை. அதன்பிறகும் வருடா வருடம் தட்டை அனுப்பிக் காத்திருந்தார். குத்திக்காட்டுகிறார் என்று நான் நினைத்ததெல்லாம் அவர் கதவைத் திறந்து வைத்தது. இது புரிந்த பிறகாவது போனேனா? அதற்குள் புக்கிட் பாருவில் வீடு வாங்கிக் குடிபோய்விட்டேன். தூரம் ஒரு சாக்காகக் கிடைத்தது. அங்கேயும் ஒரு தட்டு வந்தது. அந்தத் தட்டைத் திருப்புவதற்குள் அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். சேதியே மூன்று வாரம் கழித்துத்தான் எனக்கு வந்தது. மனைவி சீனியோடு கிளம்பினாள். நானே கொண்டுபோகிறேன் என்று தடுத்தேன். அந்தத் தட்டில்தான் தங்கை மகனான மருமகன் ஜிபிஎஸ் கருவியை வைத்தான்.

இந்தப் படம் கருவிக்குள் எப்படிப் போயிருக்கும் என்று பிறகு யோசித்தேன். யாரோ பழைய படத்தை நகலெடுத்திருப்பார்கள், வேறு யாரோ கணினியில் ஏற்றியிருப்பார்கள். ஏற்றும்போது மூலையிலிருந்த பெயர்கள் இரண்டும் உதிர்ந்துவிட்டன. அண்ணனின் வெற்றிடங்களும் காணாமல் போயிருந்தன. அவர் 'தா தாவ்' என்று விட்ட இடங்களையெல்லாம் கணினி அக்கம்பக்கத்து எண்களைப் பார்த்து நீலம் பூசி நிரப்பியிருந்தது. அன்று நான் சாப்பாட்டு நேரத்தில் செய்ததை இது கண்மூடித் திறப்பதற்குள் செய்திருக்கிறது. துணியில் வரைந்த காலத்தில் ஒரு எண் தப்பென்றால் யாரைக் கேட்பது என்றாவது தெரியும். "சாட்டிலைட் எடுக்குறது மாமா, அது தப்பாகாது," என்று இவனே போன மாதம் என்னிடம் பெருமையடித்தான். நீ எங்கே நிற்கிறாய் என்பதைத்தான் சாட்டிலைட் சொல்லும். உன் காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாராவது கயிறு விட்டுத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிறு என்னையும் கூட்டிக்கொண்டு போ என்றேன். எழுபதைத் தாண்டியவனுக்கு எதற்குப் படகு என்று முணுமுணுத்தான், ஆனாலும் கூட்டிப்போனான். நான் நைலான் கயிற்றில் அடிக்கு அடி முடிச்சுப் போட்டு, வலைக்குக் கட்டுகிற ஈயத்தைப் பெரிதாகக் கோத்து, அடியில் சவுக்காரம் அப்பி எடுத்துக்கொண்டேன். ஏரி எனக்கு அடையாளமே தெரியவில்லை. எழுபதுகளில் நகரம் பெருத்தபோது கரையை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அப்போது நான் வேறு பிரிவில் இருந்தேன், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கருவி பீப் என்று கத்தி, இதுதான் குடாவின் நடு என்றது. திரையில் பதினெட்டு. ஆறுக்கு மேல் இருக்காது, இன்றைக்கு இவனிடம் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டே கயிற்றை இறக்கினேன். குண்டு போய்க்கொண்டே இருந்தது. தரை தட்டியபோது முடிச்சுகளை எண்ணினேன். பதினெட்டு. மறுபடி இறக்கினேன். பதினெட்டு. சவுக்காரத்தில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தது, தரைதான், சந்தேகமே இல்லை. மூன்றாவது முறையும் பதினெட்டுதான். பழைய ஆறடிக்கு மேல் பன்னிரண்டு அடித் தண்ணீர் ஏறியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் பன்னிரண்டு அடி குறைவாகக் காட்டுகிறது என்று மருமகன் புலம்பியபோதே இதை நான் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கலாம். எனக்குத்தான் உட்காரத் தெரியாதே. அண்ணன் மூன்று மூன்று முறை இறக்கி அளந்த எண்கள் அத்தனையும் பொய்யாகிவிட்டன. நான் உட்கார்ந்த இடத்தில் விட்ட கதை உண்மையாகிவிட்டது.

"பாத்தீங்களா மாமா! ஏரி முழுக்க இந்த ஒரு இடம்தான் கரெக்டா இருக்கு," என்றான் அவன் சந்தோஷமாக.

"இது பொய்டா," என்றேன். "நான் அளக்காமப் போட்டது." படகில் உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துரை, கடிதம், அவன் அம்மாவின் கல்யாணம், மேசையில் இருந்த மைக்கறை வரைக்கும். ஐம்பது வருடத்தில் முதல் முறையாகச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு. முடித்தபின் என் தோளைத் தட்டி, "பழைய கதை மாமா, விடுங்க. இப்பதான் சரியா இருக்கே," என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். பிறகு, இப்படி அளந்த எண்களை மீன்பிடிக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்கள், அளந்தவர் பெயர் போட வேண்டும், யார் பெயரைப் போடட்டும் என்று கேட்டான். "என் பேரைப் போடு," என்றேன். அந்தப் பதினெட்டுக்குப் பக்கத்தில் என் பெயர் நிற்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது.

போன வாரம் வந்தவன் கருவியை மறுபடி அதே தட்டில் வைத்தான். "உங்க நம்பருக்கு நாலு பேரு சரின்னு போட்டிருக்காங்க மாமா. ஒருத்தன் நன்றிகூட எழுதியிருக்கான் லா," என்றான். எடுத்துப் பார்த்தேன். நீலத் திரையில் ஐந்து எண்களும் அப்படியே வரிசையில் நிற்கின்றன, நடுவில் நிற்பதற்குப் பக்கத்தில் என் பெயர். அண்ணன் காத்திருந்தது இதற்கு இல்லை. நான் கருவியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். சாவி, மாத்திரை, கண்ணாடி எல்லாவற்றையும் மேசையில் கொட்டினேன். தட்டைக் கழுவித் துடைத்து, நடுவில் சீனியை வைத்து மூடினேன். அண்ணனின் மகள் இன்னும் காஜா பேராங்கில் அவர்களுடைய பழைய வீட்டில்தான் இருக்கிறாள். தன் அப்பா தப்பாக அளந்தார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"காடியை எடு. காஜா பேராங் போகணும்."

"இப்பவா மாமா? சாப்பிட்டுட்டுப் போலாமே."

"இப்பவே," என்றேன். செருப்பைத் தேடாமல் வெறுங்காலோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.